மில் ஓடிய நாளில் அளந்த எண்ணெய்

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் பாடசாலை பதினொன்றரைக்கே விட்டுவிடும். நான் வீட்டுக்கு வந்து சேரும்போது என் கணவர் வீட்டு முன்பக்கத்து அரவை மில்லை நிறுத்திவிட்டு, காதுக்குள் போன மிளகாய்த் தூளைக் கழுவிக்கொண்டிருப்பார். பிறகு ஜும்மாவுக்குப் போவார். எதிர்த்த இரும்புக்கடையும் பக்கத்துத் தளபாடக்கடையும் கதவை இழுத்துப் பூட்டிக்கொள்ளும். மாத்தளை நகரத்தில் எங்கள் தெரு வாரத்தில் வாய் மூடி இருப்பது அந்த ஒன்றரை மணித்தியாலம்தான். நான் லுஹரைத் தொழுதுவிட்டுப் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அங்கே மீன்பெட்டிக்குள் என் கண்ணாடிகள் இருந்தன.

மீன்பெட்டி என்றால் மீன்பெட்டியேதான். சந்தையில் ஐஸ் போட்டு மீன் கொண்டுவரும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி. சூடும் காற்றும் உள்ளே போகாமல் இருக்க அதைவிட நல்லது இந்த ஊரில் கிடைக்காது. எத்தனை தரம் கழுவியும் வாடை போகவில்லை. தெருப்பூனை ஒன்று யன்னலடியில் குடியிருக்கத் தொடங்கியதுதான் மிச்சம்.

பெட்டிக்குள் இருந்தது ஒளியை இரண்டாகப் பிரித்து மறுபடி ஒன்றாக்கிப் பார்க்கும் கருவி. பாடப்புத்தகத்தில் தலையீட்டுமானி என்பார்கள். பெயரைக் கேட்டதும் என் கணவர், "அப்ப ஒனக்குப் பொருத்தமான சாமான்தான்" என்றார். நான் மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. கோபம் எனக்கு மூக்கு நுனியில் நிற்கும், அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அது வேலை செய்யும் விதம் எளிது. விளக்கின் வெளிச்சம் பாதி பூசிய ஒரு கண்ணாடியில் பட்டு இரண்டாகப் பிரியும். ஒரு பாதி, அசையாத கண்ணாடிக்குப் போய்த் திரும்பும். மற்றப் பாதி, மெல்ல நகர்கிற கண்ணாடிக்குப் போய்த் திரும்பும். இரண்டும் சேரும்போது சில வேளை வெளிச்சம் கூடும், சில வேளை அழிந்துபோகும். நகரும் கண்ணாடி ஒரு தலைமயிர்த் தடிப்பில் நூறில் ஒரு பங்கு நகர்ந்தாலே போதும், வெளிச்சம் கூடிக் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணினியில் பதிந்து கணக்குப் போட்டால், நடுவில் ஒரு சிறு போத்தலில் வைத்த திரவம் எந்தெந்த நிறத்தை விழுங்கியது என்று ஒரு கோட்டுப்படம் வரும். கண்ணுக்குத் தெரியாத, சிவப்புக்கு அப்பாலுள்ள நிறங்களையும் அது காட்டும். இன்ன எண்ணெய்க்கு இன்ன இடத்தில் பள்ளம் என்று உண்டு. கராம்பு எண்ணெய்க்கு ஓரிடம், மண்ணெண்ணெய்க்கு வேறோர் இடம்.

பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் இப்படி ஒரு கருவி கண்ணாடி அறைக்குள் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தது. நாங்கள் பார்க்கலாம், தொடக்கூடாது. பிறகு சாமான் இறக்குமதி நின்ற காலத்தில், அதன் ஒரு துண்டு பழுதாகி முழுக் கருவியும் துணி போர்த்திக் கிடக்கிறது என்று அங்கே வேலை செய்யும் தோழி சொன்னாள். எனக்கு ஏன் அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியாது. மாத்தளையில் வாங்கக்கூடிய சாமான்களை மட்டும் வைத்து ஒன்று செய்து காட்டுகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு பின்வாங்க எனக்குத் தெரியாது.

முதலில் பழைய வானொலியின் ஒலிபெருக்கிக் கூம்பில் கண்ணாடித் துண்டை ஒட்டினேன். மின்சாரம் கொடுத்தால் கூம்பு முன்னும் பின்னும் போகும், கண்ணாடியும் போகும். போனது. ஆனால் போகும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு சாய்ந்தது. அந்தச் சாய்வு போதும், இரண்டு ஒளியும் ஒன்றை ஒன்று தவறவிட்டுவிடும். ஆறு மாதம் அந்தச் சாய்வோடு மல்லுக்கட்டினேன். கையின் சூடு பட்டால் பிழை, மூச்சு விட்டால் பிழை. அடுப்படிக் குழாயைத் திறந்தாலும் பிழை வந்தது.

விடை சைக்கிளின் பின்பக்கச் சிவப்புத் தகட்டில் இருந்தது. அது எந்தப் பக்கம் கோணலாக நின்றாலும், லைட் அடித்தவனுக்கே வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும். அதற்குள் இருப்பதெல்லாம் மூன்று முகங்கள் ஒன்றுக்கொன்று செங்குத்தாகச் சந்திக்கும் குட்டி மூலைகள். படத்துக்குச் சட்டம் போடும் கடைக்காரரைப் பிடித்து, அவர் பொறுமை போகும்வரை கண்ணாடி வெட்டுவித்து, மூன்று துண்டுகளை ஒரு மூலையாக ஒட்டினேன். சட்டக்காரர் "இது எனத்துக்கு டீச்சர், எறும்புக்கு வீடா?" என்றார். மோட்டார் சைக்கிள் கராஜில் இடைவெளி அளக்கப் பாவிக்கும் மெல்லிய உருக்குத் தகடுகள் நான்கை வாங்கி, அதில் அந்த மூலையைத் தொங்கவிட்டேன். ஒலிபெருக்கியின் சுருள் அதைத் தள்ளும். அடியில், சமையலறை மேடை செய்தவர்கள் விட்டுப்போன கருங்கல் பலகை. பலகைக்கு அடியில் காற்றடித்த ஸ்கூட்டர் டியூப், நில அதிர்வை வாங்கிக்கொள்ள. விளக்குக்கு மோட்டார் சைக்கிள் பற்றரி, மின்சாரம் ஏறி இறங்கினாலும் வெளிச்சம் ஒரே அளவாக இருக்க.

அது வேலை செய்தது. கண்ணாடி எப்படிச் சாய்ந்தாலும் ஒளி வந்த வழியே திரும்பியது. அன்று நான் பின்னறையில் தனியே நின்று அழுதேன். பிறகு தலைக்கனம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் நடந்த எல்லாம் அதனால் நடந்தவை.

எங்கள் பக்கத்தில் கராம்பு இலையை அவித்து எண்ணெய் வடிப்பவர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சிறு சங்கம் வைத்திருந்தார்கள். நான்கு பேர் நகரத்தைச் சுற்றியுள்ளவர்கள். ஐந்தாவது, றத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் இருந்த குடும்பம். கணவன் தோட்டத்தில் வேலை செய்தார். மனைவி கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு, ஒரு பீப்பாயை அடுப்பில் ஏற்றி எண்ணெய் வடித்தாள். அந்தப் பீப்பாயைப் பொருத்திக் கொடுத்தவர் கணவன், இலை சேர்த்து நெருப்புப் பார்த்தவள் அவள். ஐவரின் எண்ணெயும் ஒன்றாகக் கொழும்புக்குப் போகும்.

ஒருமுறை கொழும்பிலிருந்து ஒரு எண்ணெய்க் கான் திரும்பி வந்தது. மண்ணெண்ணெய் கலந்திருக்கிறது என்றார்கள். ஐந்து பேரின் எண்ணெயும் கலந்த கான், யாருடைய கை என்று தெரியாது. கலந்தவரை வெளியே போடாவிட்டால் இனி யாரிடமும் வாங்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சங்கத் தலைவர் நகரத்து நால்வரில் ஒருவர், மிளகு வியாபாரமும் செய்பவர், என் கணவரோடு ஒரே வரிசையில் தொழுபவர். அவர் வீட்டுக்கு வந்து, "டீச்சர்ட மெஷின்ல பாத்துச் சொல்ல ஏலுமா?" என்று கேட்டார். என் கருவியை மெஷின் என்று மரியாதையாகச் சொன்ன முதல் ஆள் அவர். ஏலும் என்றேன். கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

திரும்பி வந்த கானின் எண்ணெயை ஒரு வெள்ளிக்கிழமை பார்த்தேன். மண்ணெண்ணெயின் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அடுத்த இரண்டு வெள்ளிக்கிழமைகளில் நகரத்து நான்கு பேரின் மாதிரிகளையும் பார்த்தேன். நான்கும் சுத்தம். மலையில் இருந்தவர்களுக்கும் வெள்ளிக்கிழமை வரச்சொல்லி அனுப்பியிருந்தேன். அவர்கள் ஒரு புதன்கிழமை வந்தார்கள்.

நான் பாடசாலையிலிருந்து இரண்டு மணிக்கு வந்தபோது இருவரும் மில்லின் படியில் உட்கார்ந்திருந்தார்கள். காலை பஸ்ஸில் வந்தவர்கள். அவள் மடியில் துணியில் சுற்றிய போத்தல். மிளகாய்க் காரத்தில் இருவருக்கும் கண் சிவந்திருந்தது.

"வெள்ளிக்கிழம வரச் சொன்னீங்களாம் டீச்சர்," என்றார் அவர். "வெள்ளிக்கிழம வந்தா பேரு விழாதுங்க. இன்னைக்குத்தாங்க லீவு குடுத்தாங்க, வந்துட்டோம்."

பேர் விழாது என்றால் அன்றைய வேலைநாள் போய்விடும். திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அந்தத் தூரத்திலிருந்து, அந்த வளைவுப் பாதையில், ஒரு நாள் லீவு எடுத்து வந்தவர்களை இன்னொரு நாள் வா என்று எப்படிச் சொல்வது? அவர்களுக்காக இரக்கப்பட்டேன். அது உண்மையான இரக்கம்தான். தேத்தண்ணி கொடுத்து உட்காரவைத்துவிட்டு, போத்தலை வாங்கிக்கொண்டு பின்னறைக்குப் போனேன்.

நோன்புக்கு முந்திய வாரம் அது. ஊரில் உள்ள அரிசியும் மிளகாயும் எங்கள் மில்லுக்குத்தான் வந்திருந்தன. வீடு முழுக்க உறுமியது. எனக்கு அது கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். கேட்டது. டியூப் இருக்கிறது, கல் இருக்கிறது, மூலைக்கண்ணாடி இருக்கிறது, இனி எதற்கு அசையப்போகிறது என்று நினைத்தேன்.

கோட்டுப்படம் வந்தது. மண்ணெண்ணெயின் இடத்தில் ஒரு பள்ளம். மறுபடி பார்த்தேன், மறுபடி அதே இடம். ஐந்து தரம் பார்த்தேன். ஐந்து தரமும் ஒரே இடத்தில் வந்தால் அது உண்மை என்றுதான் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வந்திருக்கிறேன்.

வெளியே வந்து சொன்னேன். அவர் எழுந்து நின்றார். அவள் எழவில்லை.

"நாங்க கலக்கல டீச்சர்," என்றாள் அவள்.

"மெஷின் பெசகாச் சொல்லுமுங்களா?" என்று அவர் கேட்டார். சண்டைக்குக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆள் பொய் சொல்லலாம், வெளிச்சம் பொய் சொல்லாது" என்றேன். இதைச் சொன்னது நான்தான். இன்று எழுதும்போதும் கை கூசுகிறது.

அவர் தலையை ஆட்டினார். போத்தலில் மிஞ்சியதை நான் வைத்துக்கொண்டேன். இருவரும் படியிறங்கிப் போனார்கள், அவர் முன்னே, அவள் கொஞ்சம் தள்ளிப் பின்னே. அடுத்த கிழமை சங்கத்திலிருந்து அவர்களை நீக்கிவிட்டார்கள். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லையாம். அதையே ஒப்புக்கொண்டதாக எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், நோன்பு பிடித்தேன், பெருநாள் கொண்டாடினேன்.

மூன்று மாதம் கழித்து, பாடசாலை விடுமுறையில், விளக்கை மாற்றிவிட்டுச் சரிபார்க்கத் தலைவரின் எண்ணெயைப் பெட்டிக்குள் வைத்தேன். அவர் வடித்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்த எண்ணெய் அது. அன்றும் புதன்கிழமை, முன்பக்கம் மில் ஓடிக்கொண்டிருந்தது. கோட்டுப்படத்தில் மண்ணெண்ணெய்ப் பள்ளம் வந்தது.

முதலில் நினைத்தது என்ன தெரியுமா? தலைவரும் கள்ளனா என்றுதான். என் கருவியைச் சந்தேகிப்பதற்கு முன் தொப்பி போட்ட ஒரு நல்ல மனிதரைச் சந்தேகித்தேன்.

இரண்டாம் தரம் அளக்கத் தொடங்கும்போது மழைக்கு எங்கோ மரம் விழுந்து கரண்ட் போனது. மில் முனகி முனகி நின்றது. என் விளக்கு பற்றரியில் எரிந்தது, மடிக்கணினியும் ஓடியது, அதே பற்றரியில் மூலைக்கண்ணாடியும் தன் பாட்டில் நகர்ந்தது. அளந்து முடிந்ததும் படம் வந்தது. பள்ளம் இல்லை.

நான் கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். எனக்கு அந்த நேரமே விளங்கிவிட்டது. மூலைக்கண்ணாடி சாய்வுக்கு மருந்து. முன்பின்னாக நடுங்கும் நடுக்கத்துக்கு அது மருந்தல்ல. மில்லின் உறுமல் காற்று வழியே பெட்டி மூடியைத் தட்டி, கண்ணாடியை ஒரே தாளத்தில் ஆட்டியிருக்கிறது. சீராகப் போகவேண்டிய கண்ணாடி அப்படி ஒரே தாளத்தில் ஆடினால், கணக்கில் ஓரிடத்து வெளிச்சத்தைக் கொஞ்சம் களவெடுத்து இன்னோரிடத்தில் போட்டுவிடும். இல்லாத பள்ளத்தை வெட்டிக் காட்டும். மில் ஒரே வேகத்தில் ஓடுவதால் பள்ளமும் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில் வரும். ஐந்து தரம் வந்தால் உண்மையா? ஒரே பிழையை ஐந்து தரம் செய்திருக்கிறேன்.

கரண்ட் வந்ததும் என் கணவரைக் கூப்பிட்டு, நான் சொல்லும்போது போடுங்கள், சொல்லும்போது நிறுத்துங்கள் என்றேன். மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தவர் தலையிலிருந்து கால்வரை மஞ்சளாய் நின்று, "போடவா? நிப்பாட்டவா?" என்று முன்பக்கமிருந்து கத்திக்கொண்டே இருந்தார். அரைக்க வந்த பெண்கள் எங்கள் இருவருக்கும் ஏதோ பிடித்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். மில் ஓடினால் பள்ளம், நின்றால் இல்லை. பத்துத் தரமும் அப்படியே.

பிறகு அவர் பின்னறை வாசலில் வந்து நின்றார். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப அந்தப் புள்ளைகள எங்கட மில்லா வெளியே போட்டது?" என்றார்.

"மில் இல்லை. நான்."

"மில்லு என்டயது," என்றார். அவருக்கும் அதில் பங்கு வேண்டும் என்று நின்றது எனக்கு அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமைவரை இரண்டு நாள் காத்திருந்தேன். ஜும்மா நேரத்தில், தெரு அடங்கிய பிறகு, அவர்கள் போத்தலில் மிஞ்சியிருந்த எண்ணெயை அலமாரியிலிருந்து எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். சுத்தம். நகரத்து நால்வரின் எண்ணெயைவிடச் சுத்தம் என்றுகூடச் சொல்லலாம். ஒரே நாளில், ஒரே நிலைமையில், நல்லதென்று தெரிந்த ஒன்றையும் பக்கத்தில் வைத்து அளக்கவேண்டும். இது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் நான் சொல்லிக்கொடுப்பது. புதன்கிழமை அதைச் செய்திருந்தால் பத்து நிமிடத்தில் பிடிபட்டிருக்கும். நான் செய்யவில்லை. அந்த நால்வருக்கும் ஜும்மாவின் அமைதி கிடைத்தது, இவர்களுக்கு மிளகாய் மில்.

தலைவரிடம் போனேன். அவர் கெட்டவர் அல்ல. ஆனால் முகம் சுருங்கியது.

"இப்ப அதக் கெளறி எனத்துக்கு டீச்சர்? கொழும்புக்காரனுகளும் சரியாகிட்டானுகள். பொறகு ஒருநாளைக்கு மெல்லச் சேத்துக்குவோமே."

"மெல்ல வெளியே போட்டீங்களா?" என்று கேட்டேன். என் குரல் உயர்ந்துவிட்டது. கடையில் மிளகு கொட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கூட்டத்திலேயே அவர்களைச் சேர்ப்பதாக அவர் வாக்குக் கொடுத்தார், கொடுத்தபடி செய்தார். அப்படியானால் அந்தக் கானுக்குள் மண்ணெண்ணெய் எப்படி வந்தது என்பது கடைசிவரை தெரியவில்லை. கானையே முன்பு எதற்கோ பாவித்திருக்கலாம் என்று இப்போது பேசிக்கொள்கிறார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்ததும், நானும் என் கணவரும் த்ரீவீலில் மலைக்குப் போனோம். றத்தோட்டை தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. வழி நெடுக என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். மன்னிப்புக் கேட்பது, சங்கத்தில் சேர்த்தாயிற்று என்று சொல்வது, அவ்வளவுதானே என்றிருந்தது.

லயத்துக்குப் பின்னால் அடுப்பு இருந்த இடம் காலியாகக் கிடந்தது. பீப்பாயைக் காணவில்லை. அவர் வேலை முடித்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் பதறிப்போய்க் கதிரை எடுத்துப் போட்டார். "வாங்க டீச்சர், வாங்க மொதலாளி." நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மில்லைச் சொன்னேன், புதன்கிழமையைச் சொன்னேன், போத்தலை மறுபடி பார்த்ததைச் சொன்னேன். நீங்கள் கலக்கவில்லை, பிழை என்னுடையது என்றேன்.

அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் வெளிறியது. அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"நான் கலக்கலன்னு எனக்குத் தெரியும் டீச்சர்," என்றார். "வெளிச்சம் பொய் சொல்லாதுன்னு நீங்க சொன்னீங்க. அப்ப கலந்தது யாரு? இந்த வீட்டுல இருக்கிறது ரெண்டே பேரு."

பிறகு நடந்ததை அவர் சொன்னார்.

வீடு திரும்பிய அன்றே அவளிடம் கேட்டிருக்கிறார். லாம்பெண்ணெய் என்னும் மண்ணெண்ணெய் அளந்த குவளையால் எண்ணெய் அள்ளினாயா, அளவு கூட்டிக் காட்ட ஊற்றினாயா, யாருக்குக் கொடுத்தாய் என்று. அவள் இல்லை என்றாள். அந்த வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில், லயத்துச் சனம் எல்லாம் நிற்க, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். அவள் அணைத்தாள். அந்தச் சனத்துக்கு அதற்குமேல் பெரிய சாட்சி கிடையாது. ஆனாலும் டீச்சருடைய மெஷின் இருக்கிறதே. அவர் நம்பவில்லை, பார்த்து நின்றவர்களும் நம்பவில்லை. பொய்ச்சத்தியம் பண்ணினவள் என்று அதுவும் சேர்ந்துகொண்டது. பெண்கள் அவளோடு தண்ணிக்குப் போவதை விட்டார்கள். லாம்பெண்ணெய்க்காரி என்று பெயர் வைத்தார்கள். இவர் பீப்பாயைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார்.

"மூணு மாசமா அவ கையால ஒரு வாய் தேத்தண்ணி வாங்கிக் குடிக்கலீங்க," என்றார். என் கணவர் அவர் தோளில் கையை வைத்தார்.

சங்கத்திலிருந்து ஒரு குடும்பத்தை நீக்கியதுதான் நான் செய்த கேடு என்று நினைத்து வந்திருந்தேன். வந்த பிறகுதான் அதன் அளவு தெரிந்தது. நான் அடுப்படிக்குள் போனேன். அவள் புகைக்கு நடுவில் குந்தியிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறது. நான் அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன். என் அழுகையை என்னால் நிறுத்த முடியவில்லை. அவள் அழவில்லை.

"எனக்குச் சொல்லி என்னங்க டீச்சர்," என்றாள். "எனக்குத்தான் தெரியுமே. கோயில்ல நின்னு பாத்தவங்களுக்குச் சொல்லுங்க. இன்னைக்கு வெள்ளிக்கிழம. பூசைக்கு எல்லாரும் வருவாங்க."

பொழுது சாயும் நேரம், மணி அடித்ததும் லயத்துச் சனம் கோயிலடிக்கு வந்தது. நான் கோயிலுக்கு வெளியே, படிக்குக் கீழே, முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு நின்றேன். இருபத்தைந்து வருடம் பிள்ளைகள் முன்னால் பேசியவள்தான், அன்று வார்த்தையைத் தேடித் தேடிப் பேசினேன். இந்தம்மா எண்ணெயில் ஒன்றும் கலக்கவில்லை, என் மெஷின்தான் பிழை, எங்கள் மில் ஓடும்போது பார்த்தது என் பிழை என்று சொன்னேன். விளங்காதவர்களுக்காக இன்னொரு தரம் சொன்னேன். பிறகு ஒரு வயதானவர் முன்னால் வந்தார்.

"அப்ப சூடம் சொன்னதுதான் சரிங்களா டீச்சர்?"

"ஓம் ஐயா," என்றேன். "அதுதான் சரி."

சனத்துக்குள் ஒரு சலசலப்பு எழுந்தது. இரண்டு பெண்கள் அவள் பக்கத்தில் போய் நின்றார்கள். ஒருத்தி அவள் தோளைத் தொட்டாள். அவள் கணவர் தலை குனிந்து, சனத்துக்குப் பின்னால் தனியே நின்றார். எனக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியதுபோல இருந்தது. சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன், இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டு த்ரீவீலை நோக்கி நடந்தேன். அவள் வழியனுப்பக் கூடவே வந்தாள். நான் ஏறி உட்கார்ந்ததும் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுங்களா? மெஷின் பெசகுன்னு இப்ப மெஷின்தானே சொல்லிச்சு?"

"ஓம்."

"அது சொன்னதும் எல்லாரும் நம்பிட்டாங்க. அவரும் நம்பிட்டாரு, நீங்களும் நம்பிட்டீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "நான் அன்னைக்கே ஒங்க வீட்டு வாசல்ல வச்சு அதத்தானே சொன்னேன். அப்ப யாருக்கும் கேக்கலியா?"

அவள் கம்பியிலிருந்து கையை எடுக்கும்வரை த்ரீவீல்காரர் வண்டியை எடுக்கவில்லை.